இழை: புரோமிலியாட் செடியின் நடுவில் தண்ணீர் நிற்கும் இடத்துக்குத் தமிழ்ச்சொல்?

இழை தொடங்கியவர், தாம்பரம்

அனைவருக்கும் வணக்கம். வீட்டுச்செடி வளர்ப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். புரோமிலியாட் (அன்னாசிக் குடும்பச் செடிகள்) பகுதியில் நிற்கிறேன். குஸ்மேனியா, நியோரெஜெலியா, ஏக்மியா எல்லாவற்றிலும் இலைகளின் அடிப்பகுதி ஒன்றையொன்று இறுகத் தழுவி நடுவில் குழிவாகும், மழைநீர் அதில் நிற்கும். ஆங்கிலத்தில் டேங்க் என்கிறார்கள். நானும் 'தொட்டி' என்று போட்டுவிட்டேன். வரைவைப் படித்த சித்தி, 'தொட்டியில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும்' என்ற வரியை நம்பிப் பூந்தொட்டி மண்ணில் தினமும் ரெண்டு சொம்பு ஊற்றியிருக்கிறார். மூன்றாம் வாரம் செடியைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. அடித்தண்டு பழுப்புக் கூழாகி, அழுகின வாடை. இந்த வகைகளுக்கு வேர் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளத்தான், மண்ணில் லேசான ஈரம் போதும். சொல் தப்பினால் செடி போகிறது, அதனால்தான் கேட்கிறேன்.

தமிழாசிரியர், மதுரை

'சுனை' இருக்கும்போது வேறு சொல் எதற்கு? மலைப்பாறைக் குழியில் தானாக நீர் தேங்கி நிற்பது சுனை. 'சுனைப்பூக் குற்றுத் தொடலை தைஇ' என்று குறுந்தொகையில் கபிலர் பாடியதை இங்கே எல்லாரும் படித்திருப்போம். ஏரி, குளம், தாங்கல், ஏந்தல் எல்லாம் மனிதர் கரை கட்டியவை. சுனை அப்படியில்லை, இதுவும் அப்படியில்லை. 'இலைச்சுனை' என்று வையுங்கள்.

அப்புறம், 'புரோமிலியாட்' என்று டகர மெய்யில் முடிக்காதீர்கள். தமிழ்ச்சொல் வல்லின மெய்யில் முடியாது, 'புரோமிலியம்' என்றாவது எழுதுங்கள்.

தாவரவியல் கற்பிப்பவர், திருச்சி

> 'இலைச்சுனை' என்று வையுங்கள்.

ஐயா, சொல் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் இதே செடியில் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. இந்தச் செடி தண்ணீரை உறிஞ்சுவது இலைமேல் உள்ள நுண்ணிய செதில்மயிர்களால். ஏக்மியா இலையில் வெள்ளைப் பொடி தூவினாற்போல் தெரிவது அதுதான், விரலால் தேய்த்தால் அந்த இடம் மட்டும் பச்சையாகிவிடும். இலையிலும் மூங்கிலிலும் இருக்கிற நுண்மயிருக்குத் தமிழில் 'சுணை' என்று பெயர். ஆக நீர் நிற்பது இலைச்சுனை, நீரை உறிஞ்சுவது இலைச்சுணை! வகுப்பில் நான் றன்னகரம் டண்ணகரம் பார்த்து உச்சரித்தாலும் கடைசி பெஞ்சில் ஒன்றாகத்தான் கேட்கும்.

இன்னொன்று, செடிக்குள் தேங்கும் நீருக்கு வார்கா என்ற ஆய்வாளர் 1928-இல் வைத்த பெயர் ஃபைட்டோடெல்மா, கிரேக்கத்தில் செடி, குளம் என்ற இரண்டு சொற்கள். அதில் தவளைக் குஞ்சும் நண்டும் வளரும் இனங்கள் அமெரிக்கக் காடுகளில் உண்டு. அந்தப் பொதுப்பெயருக்குச் சுனையை வைத்துக்கொள்ளலாம், இந்த உறுப்புக்கு வேறு பாருங்கள்.

தமிழாசிரியர், மதுரை

சரி, அப்படியானால் 'மடற்சுனை'. இது ஒருவித்திலைத் தாவரம்தானே? தோடு, மடல், ஓலை, ஏடு எல்லாம் புல்வகைக்கு உரியவை என்று தொல்காப்பியர் மரபியலில் பிரித்தே வைத்திருக்கிறார். தாழை மடல், கற்றாழை மடல் என்கிறோம், இதற்கு மட்டும் ஏன் இலை? சுணைக் குழப்பமும் தீர்ந்தது.

நாகர்கோவில்

தாழை என்றதும் எழுத வந்தேன். அன்னாசியும் இந்தக் குடும்பம்தான், எங்கள் பக்கத்து மலையாளத்தில் அது 'கைதச்சக்க', அதாவது தாழைப்பலா. கைதை நம் இலக்கியச் சொல். குடும்பத்துக்கே 'கைதையினம்' என்று வைத்தால் புரோமிலியஸ் என்ற சுவீடன் மருத்துவர் பெயரைத் தமிழில் சுமக்க வேண்டாம். ட் பிரச்சினையும் இல்லை.

தாவரவியல் கற்பிப்பவர், திருச்சி

வேண்டவே வேண்டாம். தாழை வேறு குடும்பம். தேர்வில் பிள்ளைகள் மதிப்பெண் இழப்பார்கள்.

நாற்றுப்பண்ணை நடத்துபவர், ஏற்காடு

எல்லாருக்கும் வணக்கம். நான் இந்தச் செடியைத் தினமும் விற்கிறேன். வாங்குகிறவர்களிடம் 'நடுக்குருத்துல தண்ணி ஊத்துங்க' என்பேன், ஒருத்தருக்கும் விளக்க வேண்டி வந்ததில்லை. சுனை என்றால் மலைக்குப் போகணுமா என்று கேட்பார்கள். பக்கத்தில் முளைப்பதற்கும் வாழைக்காரர்களின் 'பக்கக்கன்று' இருக்கிறது, தாயில் மூன்றில் ஒரு பங்கு வளர்ந்ததும் பிரித்து வைக்கலாம். பூத்து முடிந்த தாய்ச்செடி மெதுவாகக் காயும், அதைப் பிடுங்கிவிடாதீர்கள், கன்று வருவது அதிலிருந்துதான். இதையும் கையேட்டில் போடுங்கள் அம்மா.

தாம்பரம்

பக்கக்கன்றை அப்படியே எடுத்துக்கொண்டேன், நன்றி அண்ணா. ஆனால் குருத்து எனக்குப் பயமாக இருக்கிறது. தென்னை வைத்திருப்பவர்களுக்குக் குருத்தழுகல் என்றாலே வயிறு கலங்கும், குருத்தில் தண்ணீர் நிற்கக்கூடாது என்று வளர்ந்தவர்கள். அவர்களிடமே 'குருத்தில் ஊற்று' என்றால் கேட்பார்களா?

ஏற்காடு

கேட்கிறார்கள் அம்மா. தேங்கின பழைய தண்ணீர்தான் அழுகலுக்குக் காரணம். வாரம் ஒருமுறை செடியைச் சாய்த்துக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றச் சொல்கிறேன், முட்டை கொசுவாவதற்குள் தண்ணீர் மாறிவிடும். சென்னையில் போர்த் தண்ணீர் ஊற்றி இலையெல்லாம் வெள்ளை உப்புப் படிந்து கொண்டுவருகிறார்கள், மழைத்தண்ணீர் பிடித்து வைக்கச் சொல்லுங்கள். செம்புப் பாத்திரத்தில் வைத்த தண்ணீர் ஆகவே ஆகாது, செம்பு இந்தச் செடிக்கு விஷம். சொல்லைவிட இதுதான் முக்கியம்.

தமிழாசிரியர், மதுரை

முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் குருத்து என்பது வளரும் இளந்தளிர். நீர் நிற்பது குருத்தைச் சுற்றிய இடத்தில். உறுப்பையும் இடத்தையும் ஒரே சொல்லில் அடைத்தால் நாளைக்குக் 'குருத்தில் உரம் வைக்காதே' என்று எழுதும்போது என்ன செய்வீர்கள்?

தாம்பரம்

வியாழன் இரவு பத்தரை ஆகிவிட்டது. எனக்கு வந்த தனிமடல்களையும் சேர்த்தால் மடற்சுனைக்கு நான்கு, நடுக்குருத்துக்கு மூன்று, கைதையினத்துக்கு ஒன்று. கையேட்டில் முதல் இடத்தில் 'மடற்சுனை (இலைகளின் நடுவில் நீர் நிற்கும் குழி)' என்றும், அப்புறம் 'நடுக்குழி' என்றுமே எழுதிவிட்டேன். பக்கத்தில் அம்புக்குறி போட்ட படம். 'தொட்டி' பூந்தொட்டிக்கு மட்டும். புரோமிலியாட் அப்படியே இருக்கிறது, ஐயா மன்னிக்க வேண்டும்.

ஏற்காடு

படம் நல்லது. என் பண்ணைச் சீட்டில் நடுக்குருத்து என்றுதான் இருக்கும், மாற்றப் போவதில்லை.

தமிழாசிரியர், மதுரை

நடுக்குழி என்பது மரம் நடத் தோண்டும் குழியாகவும் படிக்கப்படும். அடுத்த பதிப்புக்கு முன் பேசுவோம்.