வீட்டில் கித்தார் வாசிக்கவும் ரெக்கார்டிங்குக்கும் சின்ன சாலிட் ஸ்டேட் (வால்வு இல்லாத, டிரான்சிஸ்டர் வகை) ஆம்ப்: எதைப் பார்த்து வாங்குவது?

தங்கச்சிமடம்_ஆறுகம்பி:
பத்துக்குப் பத்து ரூம், மேல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், ஜன்னல் கடலைப் பார்த்து. கித்தார் ஸ்ட்ராட் வகை, மூணு பிக்கப்பும் (கம்பி அதிர்வை சிக்னலா மாத்துற காந்தச் சுருள்) சிங்கிள் காயில், அதாவது ஒத்தைச் சுருள். ராத்திரி பக்கத்து வீட்டை எழுப்பாம வாசிக்கணும், லேப்டாப்ல ரெக்கார்டிங்கும் பண்ணணும். ஆடியோ இன்டர்ஃபேஸ் (கித்தார் சிக்னலை லேப்டாப்புக்குள்ள கொண்டு போற பெட்டி) கையில இருக்கு. 15,000 ரூபாய்க்குள்ள ஆம்ப் வேணும். வாட் கூடுனா டோனும் கூடும்னு கடையில சொல்றாங்க, நெசமா? உள்ளூர்ல பழைய 10 வாட் ஒண்ணும் விலைக்கு வருது. ஹெட்ஃபோன்ல நல்லா கேக்குது, ஸ்பீக்கர் மட்டும் விட்டு விட்டு வருது. அதைத் தொடலாமா?

கீழக்கரை_கிளீன்டோன்:
தம்பி, வாட்டை மறந்துருங்க. 10 வாட்டுக்கும் 20 வாட்டுக்கும் வித்தியாசம் 3 டெசிபல்தான். காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமாத் தெரியணும்னா வாட் பத்து மடங்காகணும். அந்த ரூம்ல ராத்திரி நீங்க வாசிக்கிறது ஒரு வாட்டைக்கூடத் தொடாது.

முதல்ல ஸ்பீக்கர் அளவைப் பாருங்க. கித்தாரோட அடி ஈ கம்பி 82 ஹெர்ட்ஸ். 4 இஞ்ச் ஸ்பீக்கரால அதை ஒழுங்காத் தள்ள முடியாது, மேல் ஸ்வரங்களைக் கேட்டு நம்ம காதுதான் அடியைக் கற்பனை பண்ணிக்குது. சத்தம் குறையக் குறைய காதுக்கு பேஸ் இன்னும் கம்மியாக் கேக்கும். அதனால சின்ன ஸ்பீக்கர் ராத்திரியில தகரம் மாதிரிதான் இருக்கும். 6 இஞ்ச் பரவாயில்ல. 8 இஞ்ச்னா கொஞ்சம் உடம்பு வரும்.

அடுத்து வால்யூம் குமிழ். பூஜ்யத்துல இருந்து லேசாத் திருப்பினதும் குபீர்னு ஏறுற ஆம்ப் வீட்டுக்கு ஆகாது. கெயின், வால்யூம் ரெண்டும் தனித்தனியா இருந்தா கரகரப்பைக் கூட்டி சத்தத்தைக் குறைச்சு வச்சுக்கலாம்.

மாடல்னு கேட்டா: ஆரஞ்ச் கிரஷ் 20, 8 இஞ்ச் ஸ்பீக்கர். ஹெட்ஃபோன் அவுட்ல கேபினட் (ஸ்பீக்கர் பெட்டி) சத்தத்தைப் போலி பண்ற சர்க்யூட் உள்ளேயே இருக்கு, உங்க வேலைக்கு அது பெரிய விஷயம். அதோட தம்பி கிரஷ் 12-க்கு 6 இஞ்ச், அதே வசதி உண்டு. ஃபெண்டர் ஃபிரன்ட்மேன் 10ஜி மலிவு, கிளீன் (கரகரப்பில்லாத சத்தம்) நல்லா இருக்கும், ஓவர்டிரைவ் (கரகரப்பு) எனக்குப் பிடிக்காது. யூஎஸ்பி வழியா நேரா லேப்டாப்புக்குப் போகணும்னா ஃபெண்டர் மஸ்டாங் எல்டி25, ஆனா விலை உங்க கணக்கைத் தாண்டுதான்னு கேட்டுக்கோங்க. பாஸ் கட்டானா மினி 7 வாட், 4 இஞ்ச், ஆறு டபுள் ஏ பேட்டரியில ஓடும். கரன்ட் போறப்ப கை கொடுக்கும், அதையே மெயின் ஆம்பா வச்சுக்க நான் சொல்ல மாட்டேன்.

மதுரைக்குப் போய் வாங்குறதுன்னா உங்க கித்தாரையே தூக்கிட்டுப் போங்க. கடை கித்தார்ல ஹம்பக்கர் (ரெட்டைச் சுருள் பிக்கப்) இருந்தா அங்க கேட்ட சத்தம் வீட்டுல வராது.

மண்டபம்_மிக்ஸ்:
கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொன்னதோடு ரெக்கார்டிங் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலரும் தடுமாறுவது கேபிளில்தான்.

ஆம்பின் ஹெட்ஃபோன் அவுட் பெரும்பாலும் ஸ்டீரியோ ஜாக். இடது, வலது இரண்டிலும் ஒரே சிக்னல். அதில் சாதாரண கித்தார் கேபிளைச் செருகினால் வலது சேனல் எர்த்தோடு ஷார்ட் ஆகும். உள்ளே ரெசிஸ்டர் இருந்தால் தப்பிக்கும், இல்லாவிட்டால் ஆம்புக்குள் இருக்கும் ஐசி (சிப்) சூடாகும். சரி, ஸ்டீரியோ கேபிளையே போடுவோம் என்று இன்டர்ஃபேஸின் பேலன்ஸ்டு இன்புட்டில் செருகினால் வேறு வினை: அந்த இன்புட் இரண்டு முனைகளின் வித்தியாசத்தை மட்டும் எடுக்கும், ஒரே சிக்னல் இரண்டிலும் வருவதால் ஒன்றையொன்று அழித்துவிடும். மெல்லிசாக, உயிரில்லாமல் ஏதோ கேட்கும். இன்டர்ஃபேஸ் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள்.

சரியான வழி, ஒரு பக்கம் ஸ்டீரியோ பிளக், மறுபக்கம் இரண்டு மோனோ பிளக் உள்ள ஒய் கேபிள். இடது பிளக்கை மட்டும் இன்டர்ஃபேஸில் செருகுங்கள், வலது பிளக் எதையும் தொடாமல் தொங்கட்டும். இன்ஸ்ட்ருமென்ட் பட்டனை அணைத்து லைன் நிலையில் வையுங்கள். ஆம்ப் வால்யூம் பூஜ்யத்தில் தொடங்கி மெதுவாக ஏற்றி, ஓங்கி அடிக்கும்போது ரெக்கார்டிங் மென்பொருளின் மீட்டர் -12 டெசிபலை ஒட்டி நிற்கும்படி பாருங்கள். ஆம்பின் ஸ்பீக்கர் கம்பியிலிருந்து சிக்னல் எடுக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். சில சின்ன ஆம்புகளில் ஸ்பீக்கரின் இரண்டு முனைகளும் எர்த் அல்ல, இன்டர்ஃபேஸில் கொடுத்தால் ஆம்பும் இன்டர்ஃபேஸும் சேர்ந்து கெட்டுப்போகலாம்.

கேபினட் போலி இல்லாத ஆம்ப் என்றால் நேரடி ரெக்கார்டிங்கில் கொசு ரீங்காரம் போல ஒரு கீச்சு வரும். கித்தார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் தானாகவே குறைத்துவிடும், ஹெட்ஃபோன் அவுட் குறைக்காது. மென்பொருளில் 5 கிலோஹெர்ட்ஸில் லோ பாஸ் (அதற்கு மேலே வெட்டும் ஃபில்டர்), 80 ஹெர்ட்ஸில் ஹை பாஸ் (அதற்குக் கீழே வெட்டுவது) போட்டாலே பாதி சரியாகும். கேபினட் ஐஆர் (ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் குணத்தைப் பதிவு செய்த ஃபைல்) ஏற்றினால் இன்னும் நல்லது.

மைக் வைத்து எடுக்கலாம்தான். டைனமிக் மைக், ஸ்பீக்கர் வலைக்கு 3 செ.மீ. தள்ளி, நடுவிலிருந்து கொஞ்சம் ஓரமாக. ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மின்விசிறி, கச்சான் காற்று மூன்றும் சேர்ந்து பாடும். உங்கள் அறைக்கு நேரடி வழிதான்.

தங்கச்சிமடம்_ஆறுகம்பி:
நன்றிணே. இப்ப கித்தாரை நேரா இன்டர்ஃபேஸ்ல போட்டாலே ஒரு உறுமல் வருது. ஆம்ப் வாங்குனாலும் அது வருமா?

மண்டபம்_மிக்ஸ்:
முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். உறுமல் நின்றால் சார்ஜர்தான் காரணம். அப்படியே இருந்து, கித்தாரோடு நீங்கள் திரும்பும்போது கூடிக் குறைந்தால் அது சிங்கிள் காயில் பிக்கப் சுற்றியுள்ள மின் இரைச்சலை இழுப்பது. சார்ஜரிலிருந்தும், ஆம்ப் வந்தபின் அதன் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தும் ஒரு மீட்டராவது தள்ளி உட்காருங்கள். ஸ்குவேர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும்போது வரும் கிர்ர் சத்தத்துக்கு வைத்தியம் கிடையாது, அந்த நேரம் ரெக்கார்டிங் வேண்டாம்.

ஆம்ப் வந்தபின் மூன்று பின் ஆம்பும் மூன்று பின் சார்ஜரும் சேர்ந்து எர்த் லூப் (இரண்டு எர்த் வழிகள் வளையமாகி உறுமுவது) உண்டாகலாம். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுங்கள். போதவில்லை என்றால் ஆம்புக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (சிக்னலை மட்டும் கடத்தி எர்த்தைப் பிரிக்கும் பெட்டி). எர்த் பின்னை உடைப்பது மட்டும் கூடாது.

ராம்நாடு_பெஞ்ச்:
எர்த் பேச்சு வந்ததால ஒண்ணு. நம்ம பக்கம் மணல். காய்ஞ்ச மணல்ல அடிச்ச எர்த் கம்பி பேருக்குத்தான் எர்த். மல்டிமீட்டர்ல ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த் ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே வோல்ட் காட்டணும். பிளக்ல கை வைக்கிற வேலை, தெரியாட்டி எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்க. கித்தார் கம்பியைத் தொட்டா உறுமல் குறையுதா, அது இயல்பு. கை சுர்ர்னுதா, உடனே நிறுத்துங்க.

இப்ப அந்தப் பழைய ஆம்ப். நீங்க சொன்ன அறிகுறிக்கு 10-க்கு 8 தடவை ஹெட்ஃபோன் ஜாக்தான் குற்றவாளி. பல சின்ன ஆம்புல ஸ்பீக்கருக்குப் போற லைன் அந்த ஜாக்குக்குள்ள இருக்கிற சுவிட்ச் தகடு வழியாத்தான் போகும். பிளக் செருகினா தகடு விலகி ஸ்பீக்கர் கட் ஆகும், எடுத்தா திரும்ப ஒட்டணும். உப்புக் காத்துல தகடு பச்சை பூத்துருச்சுன்னா ஒட்டாது. பவர் கார்டைக் கழட்டிட்டு வெறும் பிளக்கை பத்துப் பதினஞ்சு தடவை செருகி எடுங்க. மறுபடி பவர் கொடுத்ததும் சத்தம் திரும்புனா நோய் அதுதான். அப்புறம் பவர் கார்டைத் திரும்பக் கழட்டிட்டு கான்டாக்ட் கிளீனர் அடிச்சு, மறுபடி செருகி எடுத்து, கால் மணி நேரம் காய விடுங்க. துருவுக்கு அடிக்கிற ஸ்பிரே வேற, இது வேற. அந்த எண்ணெய் உள்ள தங்கி தூசியைப் பிடிச்சு வைக்கும். தேறலைன்னா ஜாக்கையே மாத்தணும், சின்னச் செலவு.

ஆனா காசு கொடுக்குறதுக்கு முன்னால விக்கிறவர்கிட்ட கேட்டு பின் பலகையைக் கழட்டிப் பாருங்க. பிளக்கைப் பிடுங்கிட்டு ஸ்பீக்கர் ஒயர் ஒண்ணைக் கழட்டி ஓம்ஸ் பார்க்கணும்: 8 ஓம் ஸ்பீக்கர் 6-லேர்ந்து 7 காட்டும், 4 ஓம்னா 3-க்கு மேல கொஞ்சம். கோனை ரெண்டு பக்கமும் விரல் வச்சு நேரா அமுக்குங்க, உரசுற சத்தம் வந்தா காயில் போச்சு. ஒயரை மாட்டி, ஆன் பண்ணி, வால்யூம் பூஜ்யத்துல ஸ்பீக்கர் முனைகள்ல டிசி வோல்ட் பாருங்க. 50 மில்லிவோல்ட்டுக்குள்ள நல்லது. வோல்ட் கணக்குல நின்னா அவுட்புட் ஐசி காலி, ஸ்பீக்கரையும் சேர்த்து எரிச்சிரும், விட்டுருங்க. மெயின்ஸ் உள்ள வர்ற பக்கம் கை போகவே கூடாது.

புதுசோ பழசோ, அந்த ஜன்னலுக்கு நேரா வைக்காதீங்க. வேலை முடிஞ்சதும் பருத்தித் துணி போட்டு மூடுங்க, பிளாஸ்டிக் கவர் உள்ள ஈரத்தை அடைச்சு வைக்கும். ஒய் கேபிளை ஆம்ப்லயே மாட்டி மாசக்கணக்குல விட்டா சுவிட்ச் தகடு விரிஞ்ச நிலையிலேயே கிடந்து பூத்துப்போகும், அதனால ரெக்கார்டிங் முடிஞ்சதும் கழட்டிருங்க. பேட்டரி ஆம்ப்னா ரெண்டு வாரம் தொடமாட்டோம்னு தெரிஞ்சாலே பேட்டரியை எடுத்துருங்க.