ஈ மேஜர்ல ஒரு விரல் தூக்கினா மைனர் ஆவுது, சி மேஜர்ல ஏன் ஆவல?

கல்மண்டபம்_6கம்பி:
எல்லாருக்கும் வணக்கம். ராயபுரத்துல எங்க கோயில் கொயர்ல எட்டு மாசமா கிடார் வாசிக்கிறேன், யார்கிட்டயும் போய் கத்துக்கல, கார்ட் (சேந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டம்) சார்ட்ட பாத்து விரல் வெக்கிற எடத்த மனப்பாடம் பண்ணதுதான். போன வாரம் ப்ராக்டிஸ்ல ஒண்ணு கவனிச்சேன். ஈ மேஜர் புடிச்சி ஆள்காட்டி விரல மட்டும் தூக்கினா ஈ மைனர். ஏ மேஜர்ல ரெண்டாவது கம்பிய (மெல்லிசு கம்பிலேர்ந்து எண்ணினா) ஒரு ஃப்ரெட் (கிடார் கழுத்துல இருக்கற கட்டம்) கொறச்சா ஏ மைனர், டி-லயும் மெல்லிசு கம்பிய ஒண்ணு கொறச்சா டி மைனர். சரி சூத்திரம் கெடச்சிடுச்சின்னு சி-ல போட்டு பாத்தா எந்த விரல நகத்தினாலும் வரல, கன்னாபின்னான்னு கேக்குது. ஜி-லயும் அதே கதி. சார்ட்ல ரெண்டுக்கும் மூணாவது ஃப்ரெட்ல பார் (ஒரே விரல பல கம்பிக்கு குறுக்கால வெச்சி அமுக்கறது) போடுன்றான். ஏன்? கார்ட்ட உள்ள எப்டிதான் கட்றாங்க? தெரிஞ்சவங்க கொஞ்சம் பொறுமையா சொல்லுங்க, மனப்பாடம் பண்ணியே அலுத்துப் போச்சி.

பெரம்பூர்_லோகோ:
தம்பி, நல்ல எடத்துல கைய வெச்சிருக்க. ஃபர்ஸ்ட் ஒரே கம்பியில எண்ணிப் பாரு. மேஜர்னா ஒரு ஸ்வரம், அதுலேர்ந்து 4 ஃப்ரெட் தள்ளி இன்னொண்ணு, அங்கேர்ந்து 3 தள்ளி மூணாவது. மைனர்னா முதல்ல 3 அப்பறம் 4. கூட்டினா ரெண்டுமே 7 தான், அதனால ரெண்டு ஓரமும் அசையாது, நடுவுல இருக்கறது மட்டும் ஒரு ஃப்ரெட் எறங்கும். சி மேஜர்னா சி, ஈ, ஜி. சி மைனர்னா சி, ஈ ஃப்ளாட் (ஈ-க்கு ஒரு ஃப்ரெட் கீழ), ஜி. அவ்ளோதான் வித்தியாசம்.

இப்ப உன் கேள்விக்கு வரேன். ஈ, ஏ, டி மூணுலயும் அந்த நடு ஸ்வரம் ஒரே ஒரு கம்பியிலதான் இருக்கும், அதுவும் விரல் வெச்ச கம்பியில, அதனால எறக்க முடியுது. சி-ய பிரிச்சி பாரு: அஞ்சாவது கம்பியில சி, நாலாவதுல ஈ, மூணாவது ஓப்பன் (விரலே வெக்காம) ஜி, ரெண்டாவதுல சி, முதல் கம்பி ஓப்பன் ஈ. ஈ ரெண்டு தபா வருதா? நாலாவது கம்பிய நீ எறக்கிடுவ, ஆனா ஓப்பனா கெடக்கிற முதல் கம்பிய எப்டி எறக்குவ, அதுக்குக் கீழ ஃப்ரெட்டே இல்லயே. அதான் ஈ ஃப்ளாட்டும் ஈ-யும் ஒண்ணா சேந்து அடிச்சிக்குது. ஜி-லயும் நடு ஸ்வரம் பி, அஞ்சாவது கம்பியில ஒண்ணு, ஓப்பன் ரெண்டாவது கம்பி ஒண்ணு.

வண்ணாரப்பேட்ட_பொட்டி:
எங்க அப்பா கச்சேரிக்கு ஹார்மோனியம் வாசிப்பாரு, அவரு சொல்லிக் குடுத்த வழியில சொல்றேன்பா. சி-ய ஒரு கட்டை சுதியா, ச-வா வெச்சிக்க. மேஜர் கார்ட்ன்றது ச, அந்தர காந்தாரம் (ஈ), ப (ஜி). மைனர்னா ச, சாதாரண காந்தாரம் (ஈ ஃப்ளாட்), ப. ச-வும் ப-வும் தம்புராவுல எப்பவும் ஓடிட்டு இருக்கற ஜோடிதான், அந்த ஜோடிக்கு நடுவுல எந்த காந்தாரம் வந்து ஒக்காருதுன்றதுலதான் மூஞ்சி மாறும். பாட்டு சிரிக்கிதா கலங்குதான்னு காந்தாரத்த கேட்டா தெரியும்.

ஏன் இந்த மூணும் ஒட்டுதுன்னா, ச 200 ஹெர்ட்ஸ்னா ப 300, அந்தர காந்தாரம் 250, எல்லாம் சின்ன சின்ன விகிதம். கிடார் ஃப்ரெட்ல காந்தாரம் கொஞ்சம் தூக்கலா 252-ல நிக்கும், பழகின காதுக்கு அது புரியும்.

இன்னொண்ணும் பாரு. சங்கராபரண ராகம், அதாவது பொட்டியில வெள்ளக் கட்டை மட்டும். ஒரு கட்டை விட்டு ஒரு கட்டை மூணு அமுக்கு. சி, எஃப், ஜி-ல ஆரம்பிச்சா மேஜர் வரும், டி, ஈ, ஏ-ல ஆரம்பிச்சா தானாவே மைனர் வரும், ஏன்னா வெள்ளக் கட்டைங்க நடுவுல தூரம் ஒரே மாதிரி கெடயாது. பி-ல மட்டும் 3, 3 வந்து ஒரு மாதிரி தொங்கும். உங்க கொயர் பாட்டுல சி, எஃப், ஜி கூடவே ஏ மைனர் சுத்திட்டு இருக்கும் பாரு, காரணம் இதான்.

வியாசர்பாடி_பேஸ்:
லோகோ அண்ணே சொன்னது கரெக்ட், ஆனா ஒரே கம்பியில எண்ணிட்டு அத அப்டியே அடுத்த கம்பிக்கு கொண்டுபோனா கொயம்பிடும். பக்கத்து பக்கத்து கம்பிக்கு நடுவுல 5 ஃப்ரெட் தூரம், மூணாவதுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல மட்டும் 4. ஒவ்வொரு கார்டுக்கும் விரல் வேற வேற கோலத்துல ஒக்கார்றதுக்கு இது ஒரு பெரிய காரணம்.

அப்பறம் அந்த பார் விஷயம். ப்ரோ, சார்ட்ல இருக்கற சி மைனர் வேற ஒண்ணும் இல்ல, ஏ மைனர்தான் மூணு ஃப்ரெட் மேல போயிருக்கு. ஏ, ஏ ஷார்ப், பி, சி. எண்ணிக்கோ. ஜி மைனர் அதே மாதிரி ஈ மைனர் மூணு தள்ளினது. ஆள்காட்டி விரல் அங்க நட் (கிடார் தலைப்பக்கம் கம்பிய தாங்கற கட்டை) வேலைய செய்யுது. கேப்போ (எல்லா கம்பியயும் சேத்து அமுக்கற கிளிப்) இருந்தா மூணாவதுல மாட்டி ஏ மைனர் புடி, சி மைனர்தான் கேக்கும். கை வலி இருந்தா இன்னொரு வழி: அஞ்சாவது கம்பி 3, நாலாவது 1, மூணாவது ஓப்பன், ரெண்டாவது 1, ரெண்டு ஓரக் கம்பியும் அடிக்காத.

கல்மண்டபம்_6கம்பி:
அண்ணே, அக்கா, ப்ரோ, ரொம்ப நன்றி. நைட்டு மொட்ட மாடியில ஒக்காந்து ஒவ்வொரு கார்டயும் பிரிச்சி நோட்டுல எழுதினேன். எஃப் பார் கார்ட்ல நடு ஸ்வரம் ஏ, அது மூணாவது கம்பியில மட்டும்தான் இருக்கு, அப்ப நடு விரல தூக்கினா எஃப் மைனர் வரணும்னு எழுதி வெச்சிட்டு அப்பறம் அடிச்சேன், வந்துச்சி! சார்ட்டே பாக்கல. ஒரு டவுட்டு மட்டும். சி செவன்ல (சி மேஜரோட நாலாவதா ஒரு ஸ்வரம் சேக்கறது) சுண்டு விரல மூணாவது கம்பியில வெக்கிறோம், அதுல ஜி-யே காணோமே, ப இல்லாம எப்டி கார்ட்?

வண்ணாரப்பேட்ட_பொட்டி:
சரியா கவனிச்சிருக்க. ஜி இருந்த கம்பியில பி ஃப்ளாட் வந்துடுச்சி, அது நிஷாதம். ப-வ விட்டாலும் காது அத நெரப்பிக்கும், காந்தாரத்த விட்டா மேஜரா மைனரான்னே தெரியாது. அதனால எடம் பத்தலன்னா எடுக்கறது ப-வத்தான். ஜி செவனயும் பிரிச்சி எழுதிப் பாரு, அதுல நாலும் இருக்கும்.