போகும்போது 11 மணி நேரம், வரும்போது 9

சென்ற ஜனவரியில் அம்மாவை அழைத்துக்கொண்டு சான் பிரான்சிஸ்கோவிலிருந்து டோக்கியோவின் நரிட்டா விமான நிலையத்துக்குப் போய் வந்தேன். அம்மாவுக்கு வேளை தவறாமல் மாத்திரை கொடுக்க வேண்டும். அதற்காகவே தூரத்தைத் தேடிப் பார்த்தேன்: சுமார் 8,220 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்றால் 9 மணி நேரம், ஏற இறங்க இன்னும் ஒரு மணி நேரம் என்று போகவும் வரவும் ஒரே கணக்காகப் பத்து மணி நேரம் எழுதி வைத்தேன். டிக்கெட்டில் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர்க் கணக்கில் இருந்தன. இடையில் 17 மணி நேர வித்தியாசம். அதைக் கழித்துப் பார்த்திருந்தால் அப்போதே உண்மை தெரிந்திருக்கும்.

புறப்பட்டுச் சில மணி நேரம் கழித்து அம்மா என் தோளைத் தொட்டார். ஜன்னலுக்கு வெளியே பனி மூடிய மலைகள். "கடலைத் தாண்டிப் போகிறோம் என்றாயே, இது எந்த ஊர்?" திரையில் அலாஸ்கா தீபகற்பம் என்று இருந்தது.

சாப்பாட்டுத் தட்டில் இருந்த ஆரஞ்சுப் பழத்தை எடுத்து, ஹெட்போன் வயரை அதன்மேல் இழுத்துப் பிடித்துக் காட்டினேன். இரண்டு ஊர்களும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில்தான் இருக்கின்றன. ஆனால் அந்தக் கோட்டிலேயே போனால் 400 கிலோமீட்டருக்கு மேல் கூடுதல் தூரம். உருண்டையின்மேல் வடக்கே வளைந்து போவதுதான் குறுக்குவழி. அன்று நாங்கள் அதையும் தாண்டி வடக்கே போய்க்கொண்டிருந்தோம். எதிர்க்காற்றுக்கு விலகித்தான் என்று விமானப் பணிப்பெண் சொன்னார்.

பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்று அது. குளிர்காலத்தில், ஜப்பானையொட்டி மிகவும் கடுமையாக வீசும். (1920களில் பலூன்களைப் பறக்கவிட்டு இந்தக் காற்றை அளந்தவரே வாசபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலை ஆய்வாளர்தான். அறிக்கையை எஸ்பெராண்டோ என்ற, சிலரே அறிந்த செயற்கை மொழியில் எழுதியதால் வெளியுலகம் கவனிக்கவில்லை. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.)

அம்மா தன் கைக்கடிகாரத்தை மாற்றவே இல்லை. நரிட்டாவில் விமானம் நின்றபோது அதில் 11 மணி 20 நிமிடம் கழிந்திருந்தது. மாத்திரையை என் அட்டவணையைத் தள்ளிவைத்து, அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் கொடுத்தேன்.

திரும்பும்போது சனிக்கிழமை மாலை 5 மணிக்குக் கிளம்பினோம். இந்த முறை வழி தெற்கே இறங்கி, அதே காற்றின்மேல் ஏறிக்கொண்டது. திரையில் வேகம் 1,120 என்று காட்டியது. பின்காற்று மட்டுமே 200க்கு மேல். கிழக்கே கடந்தால் தேதி ஒரு நாள் பின்னால் போகும் தேதிக்கோட்டைத் தாண்டி, அதே சனிக்கிழமை காலை 9 மணிக்கு இறங்கிவிட்டோம். சீக்கிரம் வந்ததால் விமானம் போய் நிற்க வேண்டிய நுழைவாயில் காலியாக இல்லை. ஓடுபாதை ஓரத்தில் அரை மணி நேரம் நின்றோம்.

வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் தூரத்தை வகுத்துக் கணக்குப் போடாதீர்கள். போகும் பயணம், வரும் பயணம் இரண்டுக்கும் மொத்தப் பயண நேரத்தைத் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அம்மாவின் கடிகாரத்தைப்போல ஒன்றை மாற்றாமல் வைத்துக்கொள்வதும் நல்லது.