ரஷ்யாவுல ஜார் மன்னர் ஆட்சி விழுந்தது ரஸ்புதினாலயா?

படிவம் 6 மாணவி, சுங்கை சிப்புட்:
வணக்கம். நாளைக்கு வகுப்புல பேசணும். அரண்மனையில செல்வாக்கா இருந்த சாமியார் ரஸ்புதின்தான் காரணம்னு மாமா அடிச்சுச் சொல்றார். ஆனா அவரைக் கொன்னது 1916 டிசம்பர், புரட்சி வந்தது 1917. ஆளே போன பிறகு எப்படி?

ஓய்வுபெற்ற கிராணி:
மாமா சொல்றது பாதிக் கதைம்மா. ரஸ்புதின் அரண்மனை பேரைக் கெடுத்தான். வயித்தைக் காயப்போட்டது முதல் உலகப் போர். கிராமத்துல தானியம் இருந்துச்சு, தலைநகர் பெட்ரோகிராடுக்குக் கொண்டுவர ரயில் வசதிதான் போதல. ரொட்டிக் கடை வாசல்ல பெண்கள் குளிர்ல மணிக்கணக்கா நின்னாங்க. புது நாள்காட்டிப்படி 1917 மார்ச் 8, மகளிர் தினம். நெசவாலைப் பெண்கள் வேலையைப் போட்டுட்டுத் தெருவுக்கு வந்தாங்க. நான் தோட்டத்துல செக்ரோல், அதாவது தொழிலாளிங்க வேலை நாள் கணக்குப் புத்தகம், எழுதின ஆள். சம்பளத்துல பிடித்தம் விழுந்தா பெரட்டுல, அதாவது காலையில ஆள் கணக்கெடுக்கிற இடத்துல, முதல் குரல் பொம்பளைங்களோடதுதான், எனக்கு இதுல ஆச்சரியமே இல்ல. ஆனா கூட்டத்தால மட்டும் கவிழல. மார்ச் 12-ல வொலின்ஸ்கி படைப்பிரிவு சுட மறுத்து மக்களோட சேர்ந்துடுச்சு. அதை எழுதும்மா, முடிச்சே அங்கதான்.

தாப்பா லாரிக்காரன்:
1905-ஐ விட்டுட்டீங்களே கிராணி ஐயா! மனு கொடுக்க ஊர்வலமா வந்த தொழிலாளிங்களைச் சுட்டாங்களே. ஜார் நம்ம அப்பாங்கிற நம்பிக்கை அன்னிக்கே போச்சு.

ஓய்வுபெற்ற கிராணி:
சரிதான் தம்பி. 1915-ல ஜார் நிக்கோலாய் தானே தலைமைத் தளபதியானார்; அப்புறம் ஒவ்வொரு தோல்வியும் அவர் கணக்குலதான் ஏறிச்சு. மார்ச் 15, பிஸ்கோவ்ல நின்ன ரயில்ல முடி துறந்தார். அவரோட தம்பி மிகயில் மறுநாளே முடி வேணாம்னுட்டார்.

மாணவி:
நன்றி ஐயா. அப்ப போல்ஷெவிக் கட்சித் தலைவர் லெனின்?

ஓய்வுபெற்ற கிராணி:
அவர் அப்ப சுவிட்சர்லாந்துல, சூரிச்ல இருந்தார்மா. அவர் ஆட்சியைப் பிடிச்சது நவம்பர் புரட்சிக் கதை, தனிக் கேள்வியாப் போடு.