கூப்பர் பிளாக்கைச் சின்ன எழுத்துக்கும் போடலாமா?

மெழுகுக்கை:
கையால் செய்யும் சோப்புக்கு லேபிள் போட்டுக்கொண்டிருக்கிறேன். பெயரைக் கூப்பர் பிளாக் என்ற தடித்த ஆங்கில ஃபான்ட்டில் வைத்ததும் பழைய விளம்பரச் சாயல் அப்படியே வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் கீழே வரும் சேர்மானப் பட்டியலையும் அதிலேயே 7 பாயிண்டில் அடித்துவிட்டேன். பிரின்ட் எடுத்தால் ஆங்கிலச் சின்ன ‘ஈ’, ‘ஏ’ எல்லாம் வெறும் கரும்புள்ளி! பிரின்டரில் கோளாறா, ஃபான்ட்டிலா?

அச்சுமை:
பிரின்டரைத் திட்டாதீர்கள். 1922-ல் சிகாகோவில் ஆஸ்வால்ட் கூப்பர் இதை வரைந்ததே விளம்பரத் தலைப்புக்காகத்தான். கிட்டப்பார்வை வாடிக்கையாளர்களை வைத்திருக்கும் தொலைநோக்குள்ள அச்சகத்தாருக்கான எழுத்து இது என்று அவரே கிண்டலாகச் சொன்னதாகச் சொல்வார்கள். சின்ன ‘ஓ’-வைப் பெரிதாக்கிப் பாருங்கள், நடுவில் இருக்கும் ஓட்டை கடுகளவுதான், அதுவும் இடது பக்கம் சாய்ந்திருக்கும். 7 பாயிண்டில் மை கொஞ்சம் பரவினாலே அது மூடிக்கொள்ளும். செரிஃப் (எழுத்துக் கோட்டின் நுனியில் நீளும் சிறு கால்) முனைகளும் அடிப்பக்கமும் மழுங்கி உருண்டிருப்பதால் எழுத்து ஒரு மயிரிழை ஏறி இறங்கி உட்கார்ந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, எழுபதுகளில் டி-ஷர்ட்டில் இஸ்திரி போட்டு ஒட்டும் எழுத்துக்கு இது அவ்வளவு பொருந்தியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பேன். ஆக, பெயர் மட்டும் இதில் இருக்கட்டும், பட்டியலுக்கு அலங்காரம் இல்லாத, செரிஃபே இல்லாத ஒரு ‘சான்ஸ்’ ஃபான்ட் போதும்.

கோணல்கோடு:
மேலே சொன்னது சரி. அப்புறம் பெயரையாவது ஒழுங்காக வையுங்கள். பெரிய சைஸில் எழுத்து இடைவெளியை லேசாக இறுக்கினால்தான் அந்தக் கொழுகொழு உருவம் ஒன்றோடொன்று சேர்ந்து நிற்கும், இல்லையென்றால் வரிசையில் நிற்கும் பூசணிக்காய்தான். எல்லாம் கேப்பிடலில் போடவே வேண்டாம், இதன் அழகே சின்ன எழுத்தில்தான். பழுப்பு நிறமும் கிரீம் பின்னணியும் சேர்த்துவிடாதீர்கள், பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

நிழல்வரி:
பெயரும் பட்டியலும் ஒரே ஃபான்ட் குடும்பமாக வேண்டுமென்றால் ஃபிரான்சஸ் பாருங்கள். இலவசம், திறந்த உரிமம், கூப்பர், வின்ட்சர், சூவனிர் ஆகிய பழைய ஃபான்ட்களின் வழியில் வந்த வேரியபிள் ஃபான்ட், அதாவது தடிமன் போன்றவற்றை நாமே கூட்டிக் குறைக்கலாம். தடிமன் 100-லிருந்து 900 வரை போகும். ஆப்டிகல் சைஸ், அதாவது எழுத்தின் அளவுக்கேற்ப வடிவத்தை மாற்றும் அமைப்பு, 9 முதல் 144 வரை, முக்கியமான விஷயம் அதுதான். சின்ன சைஸுக்கு அதைக் குறைத்தால் மெல்லிய கோடு தடிக்கும், இடைவெளியும் விரியும். பட்டியலை 400 தடிமனில் வையுங்கள், 900-ல் வைத்தால் பழைய கதைதான்.

மெழுகுக்கை:
பெயர் கூப்பரிலேயே இருக்கிறது, இறுக்கியும்விட்டேன். பட்டியல் ஃபிரான்சஸ், ஆப்டிகல் சைஸ் 9, தடிமன் 400. ‘ஈ’ கண் திறந்துவிட்டது! அதில் ‘வோங்க்’ என்று ஒன்று இருக்கிறதே, போட்டால் ‘என்’, ‘எம்’, ‘எச்’ மூன்றும் சாய்ந்துகொள்கின்றன. பட்டியலில் அதை அணைத்துவிட்டேன்.