பயிரில் புழு, மாட்டில் ஈ: எங்கே தேடுவது?

மக்காச்சோளமும் மாடும் சேர்த்து வைத்திருப்பதால் இரண்டு தொல்லையும் எனக்குப் பழக்கம். படைப்புழு வந்தால் அடையாளம் தப்பாது. குருத்து இலையில் வரிசையாக ஓட்டை, உள்ளே ஈர மரத்தூள் மாதிரி எச்சம். பிரித்துப் பார்த்தால் புழு அங்கேயே இருக்கும்: நெற்றியில் தலைகீழ் 'ஒய்' கோடு, வால் பக்கம் சதுரமாக 4 கறுப்புப் புள்ளி. ஆள் இருக்கும் இடம் தெரிந்துவிட்டதால் மருந்து குருத்துக்குள் இறங்கினால் போதும். புழு பெருத்துவிட்டால் எச்சமே மூடிபோல அடைத்துக்கொள்ளும், அப்புறம் எதுவும் இறங்காது.

கடிக்கும் ஈ அப்படி இல்லை. பார்க்க வீட்டு ஈதான். ஆனால் வாய் ஊசிபோல முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். மாட்டின் காலில் உட்காரும், சில நிமிடம் ரத்தம் குடிக்கும், பறந்துபோய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மாடு காலை உதறிக்கொண்டே நிற்கும். மாட்டின் மேல் எதைத் தடவினாலும் பாதிப் பலன்தான், ஏனென்றால் அது பிறப்பது சாணமும் மூத்திரமும் ஊறிய வைக்கோல் கூளத்தில். தீவனத் தொட்டி ஓரத்துக் கூளத்தைக் கிளறினேன், வெள்ளைப் புழுவாக நெளிந்தது. எல்லாவற்றையும் அள்ளி வெயிலில் மெல்லிசாகப் பரப்பிக் காயவிட்ட பிறகுதான் ஈ குறைந்தது.

—

ஈக்கு நீங்கள் சொல்வது சரி. புண்ணில் வைக்கும் புழுவுக்குப் பொருந்தாது, அது படைப்புழு கட்சி, தின்னும் இடத்திலேயே இருக்கும்! எங்கள் கிடாரியின் கொம்படிக் காயத்தில் பார்த்தேன். ஓரத்தில் ஈ முட்டையிட்டுப் போக, பொரித்த புழு தலையை உள்ளே நுழைத்து உயிருள்ள சதையையே தின்கிறது. மூச்சு விட வால்முனை மட்டும் மேலே தெரியும். வளர்ந்ததும் இதுவும் படைப்புழு போலவே மண்ணில் விழுந்துதான் கூட்டுப்புழு ஆகும். இதன் அமெரிக்க உறவுக்கார ஈயை 1954-இல் கரீபியன் கடலில் உள்ள குராசோ தீவில், மலடாக்கிய ஆண் ஈக்களை விட்டே ஒழித்தார்கள். பெண் ஈ பெரும்பாலும் ஒரே முறைதான் கூடும், அதுதான் வசதியாகப் போயிற்று. நமக்கு வழி, சின்னக் கீறலையும் அன்றன்றே பார்ப்பதுதான்.

—

உண்ணியை யாரும் சொல்லவில்லையே? 8 கால் இருப்பதால் கணக்குப்படி அது பூச்சியே இல்லை, சரி, தொல்லைக்கு என்ன குறைச்சல்! வயிறு நிரம்பிய பெண் உண்ணி மாட்டிலிருந்து இறங்கி மறைவான இடத்தில் மொத்தமாக முட்டையிடும். எங்கள் கொட்டகையில் அது சுவர் வெடிப்பு. பூசி அடைத்துவிட்டோம். குறைந்திருக்கிறது, ஒழியவில்லை, மேய்ச்சலுக்குப் போய் வரும் மாடு புதிதாக ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறது.