ஸ்மார்ட் கண்ணாடி போனோடு சேர மாட்டேன் என்கிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. பார்வை மங்கிய அப்பாவுக்கு, எழுத்தைப் படித்துச் சொல்லும் ஸ்மார்ட் கண்ணாடி வாங்கினோம். காலையில் பேப்பர் படிப்பதே அதை வைத்துத்தான். புது ஆண்ட்ராய்டு போனுக்கு மாறியதிலிருந்து தகராறு. ப்ளூடூத் பட்டியலில் 'இணைக்கப்பட்டது' என்று காட்டுகிறது, பாட்டுகூடக் கேட்கிறது. ஆனால் அதன் செயலியைத் திறந்தால் 'சாதனம் கிடைக்கவில்லை' என்கிறது.

ஒலிக்கு ஒரு இணைப்பு, செயலிக்கு ப்ளூடூத் லோ எனர்ஜி (குறைந்த மின்சக்தியில் இயங்கும் ப்ளூடூத்) என்று தனி இணைப்பு. இரண்டாவதுதான் சிக்குகிறது என்று நினைக்கிறேன். ஆண்ட்ராய்டு 12 முதல் கேட்கும் 'அருகிலுள்ள சாதனங்கள்' அனுமதி கொடுத்தாயிற்று. பழைய போனில் ப்ளூடூத்தை அணைத்து, இணைப்பை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தும் பார்த்தாயிற்று.

இனி கண்ணாடியை ஃபேக்டரி ரீசெட் செய்வதுதான், அதாவது வாங்கியபோது இருந்த நிலைக்கு மாற்றுவதுதான் பாக்கி. அப்படிச் செய்தால் எதிரில் வருபவர் யார் என்று கண்ணாடி சொல்வதற்காக அப்பாவுக்குப் பதிந்து வைத்த முகங்கள் அழிந்துவிடுமா? அதற்கு முன் வேறு ஏதாவது வழி இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.